வயர் போகாத நாலு ஓட்டை

அத்தியாயம் 9

போன வாரம் சாப்பாட்டு மேசையில் அப்பா சொன்னதை யாரும் மறக்கவில்லை. மறந்துவிட்ட மாதிரி நடந்துகொள்வதில்தான் எல்லோரும் மும்முரமாக இருந்தார்கள்.

அப்பா சொன்னது இவ்வளவுதான். "தப்பு போர்டுல இருந்தா, மாப்பிள்ளை பட்டறைப் பொறுப்பை விட்டுடணும்."

அத்தான் சொன்னது அதைவிடச் சின்னது. "விட்டா, வீட்டையும் சேர்த்து விட்டுடுவேன் மாமா."

சொல்லிவிட்டுத் தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். கை கழுவினார். மேலே போனார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போயிருந்தால் பின்னாலேயே போய்ச் சமாதானம் சொல்லலாம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனவரை என்ன சொல்லி மடக்குவது?

அந்த வீட்டில் கீழே குடித்தனம், மேலே பட்டறை. கண் மருத்துவமனைகளுக்கு ஒரு சின்னப் பெட்டி செய்கிறார்கள். டாக்டர் கருவி வழியாகப் பார்க்கிற கண்ணை, நோயாளியும் பார்க்கும்படி எதிரே இருக்கும் திரையில் காட்டுகிற பெட்டி. டிவி மெக்கானிக்காக இருந்த அப்பா ஆரம்பித்தது. இப்போது பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையை, அதாவது போர்டை, வரைவது மூத்த மகள் பெரியவளின் கணவரான அத்தான். சாமான் வாங்குவது பெரியவள். கோப்பு எழுதுவது சின்னவள்.

கோப்பு என்றால் வேறொன்றுமில்லை. பெட்டிக்குள் இருக்கும் கணினிக்குத் தன் உடம்பு தெரியாது. எந்தச் சாக்கெட் எங்கே இருக்கிறது, அது எந்த வகை, எந்தச் சிப்போடு சேர்ந்தது என்று யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். பெட்டி கண்விழித்ததும் முதல் வேலையாக அதைப் படிக்கும். படித்ததை அப்படியே நம்பும். சொன்னதை மறுபேச்சில்லாமல் நம்புகிற ஜீவன் அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

அந்தப் பெட்டிதான் இப்போது மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. மருத்துவமனையில் சில அறைகளில் படம் வந்தது. சில அறைகளில் திரை கறுப்பாக நின்றது. பெட்டியைக் கேட்டால், திரை சேர்ந்திருக்கிறது, படம் போய்க்கொண்டிருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்றது.

இன்று மதியம் மருத்துவமனைப் பொறியாளர் வருகிறார். கறுப்பாக நிற்கும் திரைகளில் ஒன்றைக் கையோடு கொண்டுவருகிறார். அதற்குள் தப்பு எங்கே என்று தெரிந்தாக வேண்டும்.

கோப்பில் என்றால் ஒரு வரியை மாற்றிவிட்டு, எல்லோரும் பழையபடி ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடலாம். போர்டில் என்றால் அத்தான் போய்விடுவார். அக்காவும் கூடப் போவாள்.

தப்பு தன் பக்கம் இருக்க வேண்டும் என்று சின்னவள் காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தாள். வேண்டுதல் அவளுக்கே வேடிக்கையாக இருந்தது.

*

"அக்கா, அத்தான் சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டார்."

"ஏதாவது பேசினாரா?"

"சாப்பிட்டார்னு சொன்னேன்ல."

பெரியவள் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே அடுக்கியவைதான். எடுத்து மறுபடி அடுக்கினாள்.

"நான் கண்டுபிடிச்சுடுவேன் அக்கா."

"கண்டுபிடிச்சு என்ன பண்ணப்போறே?"

இந்தக் கேள்வி சின்னவளுக்குப் புரியவில்லை. தப்பைக் கண்டுபிடித்தால் சரிசெய்வது, வேறென்ன? அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்கா முதுகைத்தான் காட்டினாள்.

தன் அறைக்கு வந்து கணினியைத் திறந்தாள். இதே மாதிரி கோப்பு எழுதுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு மின்னஞ்சல் குழு உண்டு. நேற்று தன் கோப்பைப் போட்டு, "இதில் எங்கே தவறு?" என்று கேட்டிருந்தாள். மூன்று பதில்கள் வந்திருந்தன.

முதல் ஆள்: உன் கோப்பு சரி. சாக்கெட்டில் எந்த ஓட்டை இருக்கிறதோ அதை எழுத வேண்டும் என்பதுதான் விதி. விதிப்படி எழுதியிருக்கிறாய்.

இரண்டாவது ஆள்: உன் கோப்பு தப்பு. சாக்கெட்டின் முகத்தைப் பார்த்து எழுதினாயா, பின்னால் எட்டிப் பார்த்தாயா?

மூன்றாவது ஆள்: ஏழாவது வரி ஓர் இடைவெளி தள்ளிப் போயிருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்.

முதல் பதிலைப் படித்து மகிழ்ந்தாள். மகிழ்ந்த பிறகுதான் அது நல்ல செய்தி இல்லை என்று உறைத்தது. இரண்டாவதைப் படித்துக் கலங்கினாள். அதுதான் நல்ல செய்தி. எது நல்லது எது கெட்டது என்று தலைகீழாக யோசித்துப் பழக வேண்டியிருந்தது.

ஏழாவது வரியைச் சரிசெய்துவிட்டு மேலே போனாள்.

*

அத்தான் பூதக்கண்ணாடி விளக்கின் கீழே ஒரு போர்டை வைத்துக் குனிந்திருந்தார். நிமிரவில்லை.

"அத்தான், சாக்கெட்டுக்குப் பின்னால என்ன இருக்கு?"

"போர்டு இருக்கு."

"ஐயோ. லைன் என்னென்ன போகுதுன்னு கேக்குறேன்."

"வரைஞ்சதெல்லாம் போகுது."

"அனலாக் லைன் போகுதா?"

இப்போது நிமிர்ந்தார். "அனலாக்கா? அது எங்கேருந்து வந்துச்சு? நான் போட்டது டிஜிட்டல் சாக்கெட்."

"இல்லையே. ரெண்டும் இருக்கிற சாக்கெட்தானே?"

"ஏம்மா, வரைஞ்சவன் நான். எனக்குத் தெரியாதா?"

"பார்த்தவ நான். எனக்குத் தெரியாதா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோபம் இல்லை. இருவருக்குமே மற்றவருக்குப் புத்தி கலங்கிவிட்டதோ என்ற சந்தேகம்தான்.

இந்தச் சாக்கெட்டில் வகைகள் உண்டு. எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே முகம். மூன்று வரிசையாகச் சின்ன ஓட்டைகள், ஓரத்தில் பட்டையாக ஒரு பிளவு. டிஜிட்டல் படம் மட்டும் தரும் சாக்கெட் அதோடு சரி. பழைய அனலாக் திரைக்கும் படம் தரும் சாக்கெட் என்றால், அந்தப் பிளவைச் சுற்றி நாலு ஓட்டை கூடுதலாக இருக்கும். கோப்பில் வகையை எழுதும்போது இந்த வேறுபாட்டைத்தான் சொல்ல வேண்டும்.

வெளியே பற்றவைக்கக் கொடுத்த போர்டுகள் அங்கிருந்தே நேராக மருத்துவமனைக்குப் போயிருந்தன. ஒன்று மட்டும் மாதிரிக்காகச் சின்னவளின் மேசைக்கு வந்தது. அவள் சாக்கெட்டைப் பார்த்தாள். நாலு ஓட்டை இருந்தது. 'டிஜிட்டல்', 'அனலாக்' என்று இரண்டையும் எழுதினாள். வரைபடத்தைத் திறக்கவில்லை. சாக்கெட்டே கண்முன்னால் இருக்கும்போது அதன் படம் எதற்கு என்று அன்று தோன்றியது.

இப்போது அந்த மாதிரியைக் கொண்டுவந்து அத்தானின் விளக்குக்குக் கீழே வைத்தாள்.

அத்தான் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது நான் கேட்ட சாக்கெட் இல்லை."

அலமாரியிலிருந்து வேறொரு போர்டை எடுத்தார். முதன்முதலில் அவரே கையால் பற்றவைத்துச் சோதித்தது. பக்கத்தில் வைத்தார். அதில் பிளவு மட்டும் இருந்தது. சுற்றிலும் மொழுமொழுவென்று வெறும் பிளாஸ்டிக்.

"அப்போ இது எப்படி போர்டுல உக்காந்துச்சு?"

"ரெண்டு வகையும் உக்காரும். பின்னாடி எப்பவாவது தேவைப்படும்னு இடம் விட்டு வரைஞ்சேன். இடம்தான் விட்டேன். லைன் இழுக்கலை."

சின்னவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நடந்தது மெதுவாகப் புரிந்தது. கறுப்பாக நிற்கும் அறைகளில் இருப்பது பழைய திரை. அது பெட்டியிடம், நான் அனலாக் என்று சொல்கிறது. பெட்டி கோப்பைப் பார்க்கிறது. அனலாக் உண்டு என்று சின்னவள் எழுதியிருக்கிறாள். உடனே படத்தை அந்த நாலு ஓட்டைப் பக்கம் திருப்பிவிடுகிறது. அங்கே போக வழியில்லை. படம் போர்டுக்குள்ளேயே எங்கோ நின்றுவிடுகிறது. போய்ச் சேரவில்லை என்பது பெட்டிக்குத் தெரியாது.

"அப்போ தப்பு ஃபைல்லயா, போர்டுலயா?"

"வரைஞ்சது சரி. நீ பார்த்ததும் சரி."

"ரெண்டும் சரின்னா எப்படித் தப்பாச்சு?"

சாக்கெட் வாங்குவது யார் என்று இருவருக்கும் தெரியும். அத்தான் இரண்டு போர்டுகளையும் கவிழ்த்து வைத்தார்.

"நீயே போய்க் கேளு. நான் கேட்டா அது சண்டையாப் போயிடும்."

*

சாமான் அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் இழுப்பறைகள். பெரியவள் ஒரு முக்காலியில் உட்கார்ந்து திருகாணிகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சாக்கெட் ஏன் மாறிச்சு?"

"எந்தச் சாக்கெட்?"

"நாலு ஓட்டை கூட இருக்கிறது."

"ஓ, அதுவா? கடையில மத்தது தீர்ந்துபோச்சுன்னான். இதைக் கொடுத்தான். உக்காரும்னான்."

"அக்கா."

"என்னடி?"

"பொய் சொல்றப்ப உனக்கு வேகமா பேச்சு வரும். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

பெரியவள் ஒரு திருகாணியை எடுத்துத் தப்பான இழுப்பறையில் போட்டாள். பிறகு அதைத் தேடினாள். கிடைக்கவில்லை. தேடுவதை விட்டாள்.

"அப்பாதான் மாத்தச் சொன்னார்."

சின்னவளுக்கு முதலில் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. "எந்த அப்பா?"

"நமக்கு எத்தனை அப்பா? பழைய மானிட்டருக்கும் படம் வரும்னு ஆஸ்பத்திரிக்கு ஃபோன்ல வாக்குக் கொடுத்துட்டாராம். அது வந்தாத்தான் ஆர்டர்னு அவங்க சொல்லியிருக்காங்க. என்கிட்ட வந்து, 'நாலு ஓட்டை கூட இருக்கிறதாப் பார்த்து வாங்கு, மாப்பிள்ளைகிட்ட சொல்லாதே, வரைஞ்சதை மாத்தச் சொன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாரு'ன்னார்."

"நீயும் சொல்லலை."

"ஓட்டைதானேடி. கூட நாலு இருந்துட்டுப் போகட்டும், யாருக்கு என்ன வலிக்கப்போகுதுன்னு நெனச்சேன்."

"சரி, அன்னிக்கு நெனச்சே. போன வாரம் அப்பா அத்தானை அப்படிச் சொன்னாரே, அப்போ வாயைத் திறந்திருக்கலாம்ல?"

"அப்பாவே சொல்லிடுவார்னு பார்த்தேன்."

"அப்புறம்?"

"இன்னும் பார்த்துக்கிட்டிருக்கேன்."

பெரியவள் அழவில்லை. மூக்கை உறிஞ்சிவிட்டுத் திருகாணிகளைக் கையால் கலைத்தாள். பிரித்ததெல்லாம் ஒன்றாகக் கலந்தது.

"நான் வாயைத் திறந்தா அப்பா முகத்துல எப்படி முழிப்பேன்? திறக்கலைன்னா அவர் முகத்துல எப்படி முழிப்பேன்? நீதான் படிச்சவளாச்சே, சொல்லு."

சின்னவள் குனிந்து, கலைந்த திருகாணிகளைத் தரம் பிரிக்க ஆரம்பித்தாள்.

*

அப்பா முன்னறையில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். வெளியார் வரும் நாளில் வீட்டுக்குள்ளேயே ஷூ போட்டுக்கொள்வார்.

சின்னவள் எதிரே போய் நின்றாள். சுற்றி வளைக்கத் தெரியாதவள். நேராகக் கேட்டாள். அப்பா பிரஷ்ஷை நிறுத்தவில்லை.

"ஆமா. மாத்தச் சொன்னேன். அதனால என்ன? படம் வரத்தானே சொன்னேன்."

"படம் வராதுப்பா. அந்த ஓட்டைக்கு வயர் இல்லை."

"இல்லைன்னா?"

"பின்னால ஒண்ணும் இல்லை. வெறும் ஓட்டை."

பிரஷ் நின்றது.

"ஓட்டை இருக்கு. வயர் இல்லை. அப்புறம் ஓட்டை எதுக்குடி?"

"நீங்கதானே வாங்கச் சொன்னீங்க?"

"நான் டிவி ரிப்பேர் பார்த்த காலத்துல ஒரு ஓட்டை இருந்துச்சுன்னா உள்ள ஒரு வயர் இருக்கும். அறுந்திருக்கும், கருகியிருக்கும், எலி கடிச்சிருக்கும். ஆனா இருக்கும். இல்லவே இல்லாம எவனாவது ஓட்டை விடுவானா?"

அவர் நடிக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. ஒற்றை ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குள் எட்டிப் பார்த்தார். அங்கே ஏதோ விடை இருப்பதுபோல.

கோபத்தோடு வந்தவளுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. இத்தனை வருடம் சாக்கெட் மாற்றியவரிடம், சாக்கெட் மட்டும் மாறினால் போதாது என்று எப்படிச் சொல்வது?

"போன வாரம் அத்தானை அப்படிச் சொன்னீங்களே, அப்போ சாக்கெட் ஞாபகம் வரலையா?"

"வந்துச்சு." ஷூவைக் கீழே வைத்தார். "அதனால இருக்காதுன்னு நெனச்சேன். ஓட்டை கூடினதால படம் எப்படிக் குறையும்?"

அதில் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் சின்னவளை மேலும் குழப்பியது.

அப்பா குரலைத் தாழ்த்தினார். "உன் ஃபைல்ல ரெண்டும் உண்டுன்னு எழுதியிருக்கே இல்ல?"

"எழுதியிருக்கேன்."

"இல்லாததை உண்டுன்னு எழுதினா அது தப்புதானே?"

"தப்புதான்."

"அப்போ உன் ஃபைல்லதான் தப்பு. அப்படியே சொல்லிடு. போர்டு மேல பழி இல்லை. மாப்பிள்ளை இருந்துடுவார். நானும் சொன்னதை வாபஸ் வாங்க வேண்டியதில்லை."

காலையிலிருந்து அவள் வேண்டிக்கொண்டது இதைத்தான். கேட்டது கைக்கு வந்ததும் கை பின்வாங்கியது.

"வரியை எடுத்தா பெட்டி பொய் சொல்றது நிக்கும்ப்பா. படம் வராது. வாக்குக் கொடுத்தது யாருன்னு கேப்பாங்க."

"கேட்டா நான் பேசிக்கறேன்."

"என்னன்னு பேசுவீங்க?"

அப்பா ஷூவைக் காலில் மாட்டினார். நாடாவை முடிந்தார். அவிழ்த்தார். மறுபடி முடிந்தார்.

*

பொறியாளர் ஒரு நடுவயது அம்மாள். திரையைத் துண்டில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினார். வாங்கிக்கொள்ள வந்த அத்தானிடம் கொடுக்கவில்லை. "இருக்கட்டும், எங்க ஸ்டோர்ல கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு வந்தது" என்றார்.

பொறியாளர், அப்பா, அத்தான், சின்னவள் நால்வரும் பட்டறையில் கூடினார்கள். வாசலை ஒட்டிப் பெரியவள் நின்றாள். அவளுக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை.

திரையைச் செருகினார்கள். கறுப்பு. பெட்டி, எல்லாம் நலம் என்றது.

"இதான் எங்க கதையும்," என்றார் பொறியாளர். "டாக்டர் என்னைத் திட்டுறார். நான் பெட்டியைப் பார்க்கிறேன். பெட்டி என்னைப் பார்த்துச் சிரிக்குது."

சின்னவள் கோப்பைத் திறந்தாள். 'அனலாக்' என்ற ஒரே சொல்லை எடுத்தாள். பெட்டியில் ஏற்றினாள். மறுபடி இயக்கினாள்.

கறுப்பு அதே கறுப்புதான். ஆனால் இந்தமுறை பெட்டி ஒப்புக்கொண்டது. இந்த வகைத் திரைக்குப் படம் இல்லை என்று சொன்னது.

"என் ஃபைல்ல தப்பு மேடம்," என்றாள் சின்னவள். "சாக்கெட்டோட முகத்தைப் பார்த்து எழுதிட்டேன். பின்னால லைன் இருக்கான்னு பார்க்கலை. பொய் சொன்னது பெட்டி இல்லை, நான்."

அப்பா மெல்ல மூச்சுவிட்டது அவளுக்குக் கேட்டது.

பொறியாளர் தலையாட்டினார். "சரி, புரிஞ்சுது. படம் எப்போ வரும்?"

"இந்த மானிட்டர்ல வராது."

"வராதா? பழைய மானிட்டரும் ஓடும்னு எங்களுக்குச் சொன்னீங்களே. அதை நம்பித்தானே பாதி ரூம்ல மானிட்டரை மாத்தாம விட்டோம்? எங்க ஆபீஸ்ல ஃபோன் எடுத்தவங்க, ஆம்பிளைக் குரல்னு மட்டும் சொன்னாங்க." பொறியாளர் கோபப்படவில்லை. துண்டை மடித்துக்கொண்டே கேட்டார். "யார் சொன்னது?"

அந்த அறையில் இரண்டு ஆண்கள் இருந்தார்கள்.

அப்பா தொண்டையைக் கனைத்தார். பேச ஆரம்பிக்கும் முன் எப்போதும் கனைப்பார். பெரியவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். இதோ சொல்லப்போகிறார், இதைத்தானே ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கனைப்பு முடிவதற்குள் அத்தான் சொன்னார்.

"நான்தான் மேடம்."

பொறியாளர் துண்டை மடிப்பதை நிறுத்தினார்.

"தெரியாமச் சொன்னீங்களா?"

"போர்டுல இடம் விட்டிருந்தேன். லைன் இழுத்தா வேலை முடிஞ்சுது. இழுக்காம விட்டது என் தப்பு."

பொறியாளர் பெட்டியைத் தட்டிக் காட்டினார். "புது மானிட்டர் இருக்கிற ரூமுக்கு இந்தப் பெட்டி போதும். பழைய ரூமுக்கு லைன் இழுத்து வேற போர்டு தரணும். முடியுமா முடியாதான்னு நீங்க சொல்லுங்க, எடுப்பாங்களா மாட்டாங்களான்னு நான் கேட்டுச் சொல்றேன். திருத்தின ஃபைலை மட்டும் இன்னிக்கே அனுப்பிடுங்க. பெட்டி சும்மா சிரிச்சுக்கிட்டிருந்தா எனக்குக் கெட்ட கோபம் வருது."

திரையை அதே துண்டில் சுற்றிக்கொண்டு இறங்கிப்போனார்.

அத்தான் வளையத்திலிருந்து பட்டறைச் சாவியைக் கழற்றினார். இறுக்கமான வளையம். நகத்தால் நெம்பி எடுக்க வேண்டியிருந்தது. மேசைமேல் வைத்தார்.

"தப்பு போர்டுல இருக்கு மாமா."

"மாப்பிள்ளை, நீங்க எதுக்கு இப்போ..."

"நீங்க சொன்ன சொல்தானே?"

அப்பா பெரியவளைப் பார்த்தார். சின்னவளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். இந்தமுறை கனைப்புகூட வரவில்லை.

*

சாமான் அறையில் அக்காவும் தங்கையும் எதிரெதிரே நின்றார்கள். அங்கே இரண்டு பேர் உட்கார இடம் இல்லை.

"நீ சொன்னியா அவர்கிட்ட? அப்பாதான்னு?" என்று பெரியவள் கேட்டாள்.

"நான் சொல்லலை. நீ?"

"நானா? நான் எப்படிச் சொல்லுவேன்?"

"அப்போ அவருக்குத் தெரியாதா?"

"தெரியாமத்தான் நான்தான்னு சொன்னாரா?"

பெரியவள் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். "தெரிஞ்சு அப்பாவைக் காப்பாத்தினார்னு வையி. அப்போ சாவியை ஏன் வைக்கணும்? தெரியாம, நான்தான் ஏதோ பண்ணிட்டேன்னு என்னைக் காப்பாத்தினார்னு வையி. அப்பவும் சாவி எதுக்கு?" மூன்றாவது விரலை நீட்டினாள். அதை மடக்கப் பார்த்தாள்.

"சொல்லு அக்கா."

"வெளியே போக ஒரு வழி கிடைச்சுதுன்னு பிடிச்சுக்கிட்டாரோ?"

சின்னவள் மூன்று விரல்களையும் பார்த்தாள். மூன்றும் சரியாக இருக்கலாம் போலத் தோன்றியது. மூன்றும் அத்தான் மாதிரியே இருந்தன.

"நீ கூடப் போவியா?"

"நான் போகாம?" என்றாள் பெரியவள். உடனே, "எங்கே போறது?" என்றாள்.

*

திருத்திய கோப்பை அப்படியே அனுப்ப முடியாது. என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று நாலு வரி எழுத வேண்டும். எழுதியதை வேறொருவர் படித்து, சரி என்று தன் பெயரைப் போட வேண்டும். அந்த இன்னொருவர் எப்போதும் அத்தான்தான்.

சின்னவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவர் மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பை. பற்றவைக்கும் கோலின் வயர் பையின் வாயிலிருந்து எட்டிப் பார்த்தது.

"அத்தான், இதைப் படிச்சு பேர் போடுங்க."

"பொறுப்பு என்கிட்ட இல்லையே."

"அந்த இடத்துக்கு இன்னும் வேற ஆள் வரலையே. வர்ற வரைக்கும் நீங்கதான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு கணினியை வாங்கினார். பையை இறக்கவில்லை. அதன்மேலேயே வைத்துப் படித்தார்.

'இந்தப் போர்டில் உள்ள சாக்கெட்டில் அனலாக் துளைகள் உள்ளன. அவற்றுக்கு வயர் இல்லை. எனவே வகை, டிஜிட்டல் மட்டும் என்று மாற்றப்படுகிறது.'

"சரியா இருக்கா?"

"எழுதினது சரி." திரையை மறுபடி மேலிருந்து படித்தார். "வரைஞ்சதுல இல்லாத சாக்கெட் போர்டுக்கு எப்படி வந்துச்சுன்னு எழுதலையே."

சின்னவள் கணினியை வாங்கக் கை நீட்டினாள். "அது எதுக்கு?"

"அடுத்த போர்டுல நான் லைன் இழுக்கலாம், வேற எவனாவது இழுக்கலாம். இது எப்படி வந்துச்சுன்னு தெரியாம இழுத்தா, மறுபடியும் இதேதான் நடக்கும். அது இல்லாம நான் பேர் போட மாட்டேன்."

"நீங்கதானே, நான்தான்னு சொன்னீங்க?"

"வாக்குக் கொடுத்தது நான்னு சொன்னேன். வெளியாள் கேட்டாங்க, சொன்னேன். சாக்கெட்டை மாத்தினது நான்னு எங்கேயாவது சொன்னேனா?"

அவருக்குத் தெரியும். எவ்வளவு தெரியும்? யார்வரை தெரியும்? அவர் முகத்தில் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியும்னா நீங்களே எழுதுங்களேன்."

"எனக்கு யாரும் சொல்லலையே," என்றார் அத்தான். "யாராவது சொன்னா எழுதலாம்."

படியின் கீழே ஷூச் சத்தம் கேட்டது. அப்பா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. கையில் பட்டறைச் சாவி இருந்தது. சாமான் அறைக் கதவு ஒரு விரற்கடை திறந்தது. அதற்குப் பின்னால் பெரியவள் இருப்பது தெரிந்தது.

"அதுல என்ன எழுதணும்?" என்று கேட்டார் அப்பா.

மகளைக் கேட்டாரா, மாப்பிள்ளையைக் கேட்டாரா என்று சின்னவளுக்குப் புரியவில்லை. அத்தான் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பிவைத்தார். அவள் விசைகளில் விரலை வைத்துக்கொண்டு கீழே பார்த்தாள்.

அப்பா முதல் படியில் கால் வைத்தார். அத்தான் பையை இன்னும் மடியிலிருந்து இறக்கவில்லை.